பாம்பன் பாலத்தின் காவலர்கள்

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு நடைபெற்ற காலத்தில் ஒவ்வொரு தோணியிலும் இருவகைத் தொழிலாளர் இருந்தனர். ஒரு வகையினர், கனத்த கல்லின் துணைகொண்டு கடலடிக்கு இறங்கிச் சிப்பி சேகரிப்போர். மற்றொரு வகையினர், தோணியின் விளிம்பில் நின்று அவர்களுடைய கயிற்றைக் கையிற் பிடித்திருப்போர். கீழே சென்றவர் என்ன செய்கிறார் என்பதைக் கயிறு பிடித்தவர் கண்ணால் காண்பதற்கில்லை. கயிற்றில் ஓர் அசைவு எழுந்தால் அந்தக் கணமே இழுக்க வேண்டும்; அசைவைக் கவனியாது விட்டால் கீழே உள்ளவர் உயிர் போகும். ஆகவே குளிப்போர் தமக்கு மிகவும் நம்பிக்கையானவரையே கயிறு பிடிக்க அமர்த்திக்கொண்டனர். தூத்துக்குடிக் கரையில் இவ்வாறு முத்துக் குளித்தது கடைசியாக 1961ஆம் ஆண்டில். அதற்குப் பின் 'பார்' என்று மீனவர் வழங்கும் அந்தக் கடலடிப் பாறைத் திட்டுகளில் சிப்பி போதிய அளவு விளையவில்லை.

நேயர்களே, நான் இன்று பேச வந்த பொருள் பாலம். தூத்துக்குடிக்கு வடகிழக்கே, 21 தீவுகளைக் கடந்து, வளைகுடாவின் வடகோடியிலே பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் பாம்பன் பாலத்தின் வரலாறு அது. ஆயினும் கயிறு பிடித்த அந்த மனிதரை முதலில் நினைவுகூர்ந்ததற்குக் காரணம் உண்டு. கண்ணுக்கு எட்டாத இடத்தில் நேர்வதை ஒரு சிறு அசைவைக் கொண்டு அறிந்து, காலந் தாழ்த்தாது செயற்படுவது எப்படி என்ற கேள்வியே பாம்பன் பாலத்தின் நூற்றாண்டு வரலாறு முழுவதிலும் ஓடுகின்றது.

இந்தப் பாலம் எழுந்தபோது அதனால் இழப்புற்ற ஊர் தூத்துக்குடி என்பதை மாணவ நண்பர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். 1870களில் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. அது முதல், சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் ரயிலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து நீராவிக் கப்பலேறினர். 'போட் மெயில்' என்ற பெயர் அந்த ரயிலுக்கு வாய்த்ததும் அதனாலேயே. துறைமுகத்தில் ஆழம் போதாது; பெரிய கப்பல்கள் கரைக்குச் சில மைல் அப்பாலேயே நங்கூரமிடும்; பயணியரும் மூட்டைகளும் படகில் போய் ஏற வேண்டும். இத்தனை இடர் இருந்தும் கொழும்புப் போக்குவரத்து இந்த ஊரின் உயிர்நாடியாக விளங்கியது. 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தது இந்தத் தடத்திற்காகவே. 1914 பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. ரயில் நேரே தனுஷ்கோடி வரை சென்றது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடற்பாதை ஏறத்தாழ 22 மைலே. கொழும்புப் பயணியர் கூட்டம் தூத்துக்குடியை விட்டுத் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பியது. ஒரு பாலம் இரண்டு கரைகளை இணைப்பதோடு நில்லாமல் மூன்றாவது ஊர் ஒன்றின் விதியையும் மாற்றிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நம் நாட்டில் அரிது.

பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட நீளமுடையது. 145 தூண்கள். நடுவே கப்பல்களுக்கு வழிவிடும் தூக்குப் பாலம். சிக்காகோ நகரைச் சேர்ந்த ஷெர்சர் என்ற பொறியியலாரின் முறைப்படி அமைந்தது. இரண்டு சிறகுகள், ஒவ்வொன்றும் 415 டன் எடை. ஆயினும் அவற்றைத் திறக்க எஞ்சின் எதுவும் வைக்கவில்லை. ஆட்கள் நெம்புகோல்களைச் சுற்ற, ஒரு நாற்காலியைப் பின்னே சாய்ப்பது போல அந்தச் சிறகுகள் உருண்டு சாய்ந்து மேலெழும். எடையைச் சரியாகப் பகிர்ந்து நிறுத்தினால் மனித வலிமையே போதும் என்பது அந்த அமைப்பின் நுட்பம். நான் அதன் மீது ரயிலில் சென்றபோது வண்டி ஏறக்குறைய நடைவேகத்தில் ஊர்ந்தது. ஜன்னலோரம் கைப்பிடிச் சுவர் எதுவும் இல்லை. கீழே பார்த்தால் கடல்தான். பயணியர் பேச்சு தானே அடங்கிவிடும்.

அந்தக் கடலே பாலத்தின் முதற் பகை. உப்புக்காற்று இரும்பின் மேல் கண்ணுக்குப் புலப்படாத ஈரப்படலமாகப் படிகிறது. ஈரத்தோடு உப்புச் சேர்ந்தால் துரு விரைந்து பரவும். துருவாக மாறிய இரும்பு முன்னினும் அதிக இடம் கொள்வதால் அது செதில் செதிலாக உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புது இரும்பு மீண்டும் காற்றுக்குத் தெரிகிறது. பாம்பன் பகுதியின் அரிப்பு உலகிலேயே மிகக் கடுமையானவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரைக்கு அடுத்தது என்று பொறியியலார் கூறுவதுண்டு. வரிசை எதுவாயினும் ஆகுக. அங்கே வண்ணம் பூசும் வேலை ஓய்ந்ததே இல்லை. ஒரு கோடியில் பூசி முடிப்பதற்குள் மறுகோடி மீண்டும் பூசத் தயாராகிவிடும் என்பார்கள்.

பாலங்களைக் காப்பதற்கு நம் ரயில்வேயில் தொன்றுதொட்டு இருந்த முறை மனிதக் கண்ணும் காதும் ஆகும். கேங்மேன் சுத்தியலுடன் தண்டவாளத்தின் மீது நடப்பார். திருகாணிகளைத் தட்டிப் பார்ப்பார். ஓசை தெளிவாக இருந்தால் இறுக்கம் சரி. மந்தமாக இருந்தால் தளர்வு. மழைக்காலத்தில் ஆற்றுப் பாலங்களுக்கு இரவுக் காவலர் தனியே உண்டு. தூணில் அபாயக் கோடு தீட்டியிருக்கும். வெள்ளம் அந்தக் கோட்டைத் தொட்டால் அவர் சிவப்பு விளக்கைக் காட்ட வேண்டும். இந்த முறையை எளிதென்று இகழ்தல் தகாது. எத்தனையோ ஆயிரம் இரவுகளில் எத்தனையோ ரயில்களை அது காத்தது. ஆனால் அது தவறிய இரவும் உண்டு.

1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தை நெருங்கியது. இரவெல்லாம் பெய்த மழையில் ஆறு பெருகி, பாலத்தை ஒட்டிய மண்ணை அரித்துவிட்டிருந்தது. தண்டவாளம் மேலே பார்வைக்கு முழுமையாகவே இருந்தது. அதைத் தாங்கிய நிலம் இல்லை. எஞ்சினும் முன்பக்கப் பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. 140க்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இச்செய்தியைப் பள்ளிப் புத்தகங்கள் அமைச்சரின் பண்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும். அது தக்கதே. ஆனால் மற்றொரு பக்கத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆறு மண்ணை அரித்தது ஒரு நொடியில் நிகழ்ந்ததன்று. அரிப்புத் தொடங்கியதற்கும் ரயில் வந்து சேர்ந்ததற்கும் இடையே நேரம் இருந்தது. அந்த நேரத்தில் செய்தி சொல்ல அந்த இடத்தில் எதுவும் இல்லை. மாண்டவர்களுள் தூத்துக்குடிக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் வந்துகொண்டிருந்தோர் பலர். அந்த ரயிலுக்காக நிலையத்தில் காத்து நின்ற உறவினரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

எட்டு ஆண்டுகள் கழிந்து, 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாசஞ்சர் ரயில் ஒன்று புறப்பட்டது. அதன் எண் 653. தனுஷ்கோடியை நெருங்கியபோது சைகை விளக்கு எரியவில்லை என்றும், ஓட்டுநர் சற்று நேரம் காத்திருந்து, நீண்ட ஊதலிட்டு மெல்ல முன்னேறினார் என்றும் கூறுவர். புயலோடு எழுந்த பேரலை வண்டியை மூடியது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் மடிந்தனர். தனுஷ்கோடி ஊரே அழிந்தது. கப்பற் போக்குவரத்தும் அத்தோடு நின்றது. பாம்பன் பாலத்தில் 120க்கு மேற்பட்ட இரும்பு உத்தரங்களைக் கடல் அடித்துச் சென்றது. ஷெர்சர் தூக்குப் பாலம் மட்டும் நிலைத்து நின்றது. பாலத்தைச் செப்பனிட முதலில் ஆறு மாதம் என்று கணக்கிட்டனர். பிறகு மூன்று மாதம் என்றனர். ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலார் 46 நாட்களில் அதை முடித்தார். கடலடியில் கிடந்த உத்தரங்கள் இருக்குமிடத்தை மீனவர் காட்டிக்கொடுத்ததும், அவற்றைத் தூக்கி எடுத்து மீண்டும் பயன்படுத்தியதும் அந்த விரைவுக்கு ஒரு காரணம். புது உத்தரம் வரும்வரை காத்திருந்தால் மாதங்கள் சென்றிருக்கும்.

இந்தப் பேரழிவிற்குப் பின் பாலத்தில் காற்றுமானி பெரும் முக்கியத்துவம் பெற்றது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலுக்கு வழி கிடையாது. காற்றின் வேகம் சைகையோடு இணைக்கப்பட்டது. இங்கே மனிதரின் மதிப்பீட்டுக்கு இடமில்லை. 'இன்று போய்விடலாம்' என்று நிலைய அதிகாரி நினைத்தாலும் சைகை இறங்காது. பாம்பனில் தொலைவிலிருந்து உணர்த்தும் கருவியின் வரலாறு இந்தக் காற்றுமானியிலிருந்தே தொடங்குகிறது என்பது என் கருத்து. ஆனால் அது காற்றைப் பற்றித்தான் சொல்லும். இரும்பு என்ன நிலையில் இருக்கிறது என்று அதனால் சொல்ல இயலாது.

இரும்பின் நிலையை எப்படி அறிவது? ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுச் சட்டத்தின் மீது பாரம் ஏற்றினால் அது நீள்கிறது. ரயில் செல்லும்போது பாலத்தில் ஏற்படக்கூடிய பாரத்திற்கு, அந்த ஒரு மீட்டர் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவுக்குள்ளேயே நீளும். கண்ணால் இதைக் காண முடியாது. 1938இல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் என்ற இருவர், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஓர் எளிய வழி கண்டனர். மயிரினும் மெல்லிய கம்பியை வளைத்து வளைத்து மெல்லிய தாளில் ஒட்டி, அந்தத் தாளை எஃகின் மீது ஒட்டிவிட்டனர். எஃகு நீண்டால் கம்பியும் நீளும், நீண்டால் மெலியும், மெலிந்தால் அதன் மின்தடை சிறிது கூடும். அந்தச் சிறு கூடுதலை அளந்தால் எஃகு எவ்வளவு நீண்டது என்பது தெரிந்துவிடும்.

அந்தச் சிறு மாறுதலை அளக்கும் மின்சுற்றை, நம் கல்லூரி மாணவர் வீட்ஸ்டன் சமனச்சுற்று என்று படிக்கின்றனர். ஆங்கிலத்தில் அதற்கு வீட்ஸ்டன் 'பாலம்' என்றே பெயர். 1833இல் கிறிஸ்டி என்பவர் அதைக் கண்டார். 1843இல் வீட்ஸ்டன் அதை விளக்கி உலகறியச் செய்தார். அதே 1843ஆம் ஆண்டில்தான், தூத்துக்குடிக்குச் செல்லும் பாதையில், திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரபரணியின் மேல் 11 வளைவுகளுடன் பாலம் ஒன்று திறக்கப்பட்டது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து எழுப்பிய பாலம் அது. இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. லண்டனில் தோன்றிய பாலமும் நெல்லையில் தோன்றிய பாலமும் ஒரே ஆண்டின என்பது தற்செயலே. ஆனாலும் வரலாற்று மாணவனுக்கு இத்தகைய தற்செயல்கள் இனிப்பானவை. முதற்சொன்ன பாலம் பிற்சொன்ன வகைப் பாலங்களுக்குக் காவலாகும் காலம் வருமென்று அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

இன்னொரு வழியும் உண்டு. நம் வீட்டுப் பெண்கள் சந்தையில் மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். நல்ல பானை கணீரென்று ஒலிக்கும். கீறல் விழுந்த பானை 'சட்' டென்று அடங்கும். ஒவ்வொரு பாலத்திற்கும் இப்படித் தனக்கென ஒரு சுருதி உண்டு. ரயில் சென்றதும் அது அந்தச் சுருதியில் அதிர்ந்து அடங்கும். உத்தரம் மெலிந்தாலோ, தூணின் அடி தளர்ந்தாலோ அதன் விறைப்புக் குறையும், சுருதி இறங்கும். அதிர்வை அளக்கும் கருவிகளைப் பாலத்தில் பொருத்தி, ஒவ்வொரு ரயில் கடந்த பின்னும் சுருதியைக் குறித்துவந்தால், இறக்கம் தொடங்கும்போதே அறிந்துகொள்ளலாம்.

சொல்வது எளிது, செய்வது அவ்வளவு எளிதன்று. வெயிலேற எஃகு நீள்கிறது; இரவில் சுருங்குகிறது. 18 மீட்டர் நீளமுள்ள உத்தரம் ஒன்று, 20 டிகிரி வெப்பம் கூடினால் நான்கு மில்லிமீட்டருக்குமேல் நீளும். அதாவது ஒரு ரயிலின் பாரத்தால் வரும் மாறுதலுக்குச் சற்றும் குறையாத மாறுதலைச் சூரியன் நாள்தோறும் உண்டாக்குகிறான். சுருதியும் அவ்வாறே வெப்பத்தோடு ஏறியிறங்கும். ஓரிடத்தில் மட்டும் விழுந்த சிறு கீறல், பாலம் முழுவதின் சுருதியை மாற்றுவது நூற்றில் ஒரு பங்குகூட இராது. வெயில் மாற்றுவது அதனினும் அதிகம். ஆதலின் ஓராண்டுக்காவது எல்லாப் பருவங்களிலும் அளந்து, இந்தப் பாலத்தின் இயல்பு இன்னது என்று முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். நோயாளியை அறியாத வைத்தியன் நாடி பிடித்துப் பயனில்லை. ஒரு பாலத்திற்கு வயது முதிர்ந்த பின், முதன்முறையாக உணரி வைப்பவருக்கு இதனால் தனிச் சங்கடம் உண்டு. அதன் இளமைச் சுருதி என்னவென்று எவரும் குறித்து வைக்கவில்லை.

வெளிநாடுகளிலும் இந்த அறிவு விபத்துக்களின் வாயிலாகவே வளர்ந்தது. அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின் மேல் 1928இல் கட்டிய 'வெள்ளிப் பாலம்' 1967 டிசம்பர் 15 அன்று மாலை, வாகனங்கள் நிறைந்திருந்த வேளையில் வீழ்ந்து 46 பேரைப் பலிகொண்டது. தொங்குசங்கிலியின் ஒரு கண்ணியில் இருந்த கீறலே காரணம். அதன் ஆழம் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். கண்ணியைக் கழற்றாமல் அதைப் பார்ப்பதற்கு வழியே இல்லை. அதன் பின்னரே அந்த நாட்டில் எல்லா நெடுஞ்சாலைப் பாலங்களையும் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டுமென்ற விதி வந்தது. அந்த விதிப்படி ஆண்டுதோறும் சோதிக்கப்பட்ட மினியாபொலிஸ் பாலம் ஒன்று 2007 ஆகஸ்ட் 1 அன்று வீழ்ந்தது; 13 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டே அவ்விடத்தில் எழுந்த புதுப்பாலத்தின் உள்ளே, கட்டும்போதே 300க்கு மேற்பட்ட உணரிகளைப் புதைத்தார்கள். ஹாங்காங்கில் 1997இல் திறந்த சிங்மா தொங்குபாலத்திலும் தொடக்கத்திலிருந்தே இத்தகைய ஏற்பாடு உண்டு. பிறந்த நாளிலிருந்தே நாடி பார்க்கப்படும் பாலங்கள் இவை.

பாம்பனுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. 2007இல் மீட்டர் பாதையை அகலப் பாதையாக மாற்றினர். முன்னினும் கனத்த வண்டிகள் ஓடின. 2013 ஜனவரியில் கடற்படைக்குரிய மிதவை ஒன்று காற்றில் அலைந்து பாலத்தின் மீது மோதியது. 2018 டிசம்பரில் தூக்குப் பாலத்தில் விரிசல் காணப்பட்டது. ரயில்கள் ஏறக்குறைய மூன்று மாதம் நின்றன. செப்பனிட்ட பின் 2019இல் மீண்டும் ஓடின. ஆனால் இப்போது பொறியியலார் மனத்தில் ஐயம் குடிகொண்டுவிட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அறிஞர்கள் பாலத்தில் எண்பதுக்கு மேற்பட்ட உணரிகளைப் பொருத்தினர். எஃகின் நீட்சியையும் அதிர்வையும் அவை இரவும் பகலும் அளந்து, தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு அனுப்பின. அளவு எல்லை மீறினால் எச்சரிக்கை எழும்.

2022 டிசம்பர் 23ஆம் நாள் அந்தச் சிவப்பு எச்சரிக்கை எழுந்தது. தனுஷ்கோடியைக் கடல் கொண்ட இரவுக்குச் சரியாக 58 ஆண்டுகள் கழிந்த நாள்.

அன்றே ரயில்கள் நிறுத்தப்பட்டன. முதலில் சில நாட்களுக்கு என்றார்கள். பிறகு இன்னும் சில நாட்கள் என்றார்கள். இறுதியில், தூக்குப் பாலத்தின் அரிப்பு செப்பனிடும் நிலையைக் கடந்துவிட்டதென்று கண்டு, பழைய பாலத்தில் ரயில் இனி ஓடாது என்று முடிவு செய்தார்கள். வண்டிகள் மண்டபத்தோடு நின்றன. இராமேசுவரம் செல்வோர் அங்கே இறங்கி, மூட்டைமுடிச்சோடு பேருந்திலோ வேனிலோ ஏறி, பக்கத்திலுள்ள சாலைப் பாலத்தின் வழியே தீவை அடைந்தனர். முதியோருக்கும், மீன் அனுப்பும் வியாபாரிகளுக்கும், தீவிலிருந்து அன்றாடம் வெளியே வேலைக்குச் சென்றோர்க்கும் இது இரண்டாண்டுகளுக்கு மேல் நீடித்த துன்பம். 'பாலம் இடிந்தா விட்டது? ஒரு கருவி ஏதோ காட்டியதற்காக இத்தனை பேரை அலைக்கழிக்க வேண்டுமா?' என்று கேட்டோர் உண்டு. அந்தக் கேள்வியை நான் இழிவாகக் கருதவில்லை. நேராத விபத்தை எவரும் கண்ணால் காண்பதில்லை; ரயில் நின்றதால் வந்த கஷ்டத்தையோ ஒவ்வொருவரும் தம் தோளில் சுமந்தனர். ஆயினும் மருதையாற்றை அறிந்தவன் நிறுத்தியவர் பக்கமே நிற்பான். எச்சரிக்கைக்குச் செவிசாய்த்து வண்டியை நிறுத்துவதற்கும் துணிவு வேண்டும்.

2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். அதன் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம், 660 டன் எடை. சிறகாகப் பிரியாமல் முழுத் துண்டாகவே மின்சார விசையால் 17 மீட்டர் உயரம் மேலெழுகிறது. துருவேறாத எஃகுக் கம்பிகளும் தனிவகை வண்ணப்பூச்சும் பயன்பட்டுள்ளன. இருப்பினும், திறப்பு விழாவுக்கு முன்னரே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் தம் அறிக்கையில் துருவைக் குறித்து எச்சரித்திருந்தார். அந்தக் கடற்காற்று புதியது பழையது என்று பார்ப்பதில்லை.

பக்கத்திலே செல்லும் நெடுஞ்சாலைப் பாலத்தையும் மறத்தலாகாது. 1974இல் தொடங்கி 1988இல் முடிந்த அது, இந்திரா காந்தியின் பெயர் தாங்கியது, 2.34 கிலோமீட்டர் நீளம். ரயில் நின்ற இரண்டாண்டுகளில் தீவு முழுவதையும் தாங்கியது அதுவே. கான்கிரீட் பாலமாயிற்றே என்று இறுமாந்திருக்க வழியில்லை. கான்கிரீட்டின் உள்ளே இருப்பதும் எஃகுக் கம்பியே. உப்பு உள்ளே புகுந்தால் கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து வெளிவரும். குஜராத்தில் மாஹி ஆற்றின் மேல் இருந்த கம்பீரா சாலைப் பாலம் 2025 ஜூலை 9 அன்று இடிந்து இருபது பேருக்கு மேல் மாண்டனர். அது 1985இல் கட்டியது. பாம்பன் சாலைப் பாலத்தினும் மூன்றே ஆண்டு மூத்தது.

நம் தூத்துக்குடி மாவட்டத்திற்கு வருவோம். திருநெல்வேலி - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் வல்லநாட்டில் தாமிரபரணியைக் கடக்கும் பாலம் முதுமை எய்தியதன்று. ஆனாலும் கட்டிய சில ஆண்டுகளுக்குள்ளேயே தளத்தில் ஓட்டை விழுந்து, ஒரு பக்கத்துப் போக்குவரத்தை நிறுத்திச் செப்பனிட வேண்டியதாயிற்று. அதுவும் ஒரு முறையோடு ஓயவில்லை. துறைமுகத்திற்குச் செல்லும் கனத்த லாரிகள் இரவும் பகலும் ஓடும் சாலை அது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஏரலில் ஆற்றுப் பாலத்தை ஒட்டிய சாலை அறுந்தது. பாலம் நின்றது, ஆனால் அதன் மீது ஏறுவதற்கு வழியில்லை. அதே வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில், முன்னே பாதையின் கப்பிக்கல் அரிக்கப்பட்ட செய்தி கிடைத்து, ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதிலிருந்த பல நூறு பேர் நீர் சூழத் தவித்தனர், பசித்திருந்தனர், ஆனால் உயிரோடு வீடு திரும்பினர். 1956இல் தூத்துக்குடிக்கு வந்த ரயிலுக்குக் கிடைக்காத செய்தி, 2023இல் இந்த ரயிலுக்குக் கிடைத்தது.

ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து, அபாயக் கோட்டை நெருங்கும்போது பொறியியலாரின் தொலைபேசிக்குத் தானே செய்தி அனுப்பும் கருவிகளை ரயில்வே இப்போது பல பாலங்களில் வைத்திருக்கிறது. பாம்பன் போன்ற புகழ்பெற்ற பாலத்திற்கு எண்பது உணரிகள் கிடைத்துவிடும். ஊராட்சிச் சாலையில் ஓடைமேல் நிற்கும் சிறு பாலத்திற்கு யார் வைப்பார்? பள்ளிப் பேருந்து நாள்தோறும் அதன் மீதுதான் செல்கிறது. அங்கே இன்னும் பழைய முறையே: கண், காது, சுத்தியல். அவற்றைப் பயன்படுத்த ஆள் இருந்தால் அது போதும். ஆள் இல்லாத இடத்தில்தான் அச்சம். உணரிகள் மலிந்துவருகின்றன. கல்லூரிச் சோதனைச்சாலையிலேயே மாணவர் அதிர்வுமானி ஒன்றை அமைத்துவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது. இந்தச் சிறு பாலங்களின் சுருதியைக் குறித்துவைக்கும் வேலை அவர்களுக்கு ஏற்றது என்பது என் எண்ணம்; அவற்றுள் பல இன்னும் இளமையாகவே இருக்கின்றன.

தூத்துக்குடித் துறைமுகப் பகுதியில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்று உண்டு. மண்டபத்திலும் அந்நிலையம் சோதனைக் களம் வைத்திருக்கிறது. வேலை பார்ப்பதற்கு மிக எளிது. பலவகை உலோகத் தகடுகளை நிறுத்து, எடையைக் குறித்துக்கொண்டு, கடற்காற்று படுமாறு சட்டங்களில் வரிசையாகப் பொருத்திவிடுகிறார்கள். மாதங்கள் கழிந்து, சில ஆண்டுகளும் கழிந்து, அவற்றை எடுத்துத் துருவை நீக்கி மீண்டும் நிறுக்கிறார்கள். குறைந்த எடையே கடல் தின்ற அளவு. இந்தக் கரையில் எழும் பாலத்தின் எஃகு ஆண்டொன்றுக்கு எவ்வளவு மெலியும் என்ற கணக்கு அந்தத் தகடுகளிலிருந்துதான் பிறக்கிறது.